மாடிவீட்டு ரேடியோ

1933 ஜூன் 4, ஞாயிறு

மாடியில் குடியிருக்கும் ஞானமுத்து இன்று காலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னைமரத்தில் ஏறினான். தேங்காய்க்காக அல்ல. மொட்டைமாடிக்கும் மரத்தின் உச்சிக்கும் இடையே ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டுவதற்காக. இன்னொரு கம்பி மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கி, எங்கள் சமையலறைக்கு வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயில் வந்து சுற்றியிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் சுற்றினான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது என் மனைவியிடம். அவன் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, குமுதவல்லி உடனே தலையை ஆட்டிவிட்டாள்.

அவன் தந்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அக்காள் எஸ்தர் வேப்பேரியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவரும் இந்தப் புரசைவாக்கம் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் இருக்கும். ஆள் லட்சணமாக இருக்கிறான் என்று வீட்டுக்காரர் சபாபதி முதலியார் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

சாயங்காலம் எல்லோரையும் மேலே கூப்பிட்டான். நகரசபைக்காரர்கள் ஒலிபரப்புவதை வீட்டிலிருந்தே கேட்கலாமாம். ஒரு சுருட்டுப் பெட்டி. அதற்குள் கம்பிச்சுருள், பட்டாணி அளவுக்கு ஒரு கல், கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி. அவ்வளவுதான். அதற்கு ரேடியோ என்று பெயர். காதில் மாட்டும் ஹெட்போனை ஒரு பித்தளை அண்டாவுக்குள் போட்டான். அண்டாவைச் சுற்றிக் குனிந்தவர்கள் எல்லோரும் நாதஸ்வரம் கேட்கிறது என்றார்கள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். அண்டாவுக்குள் தலையை விட்டுச் சங்கீதம் கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

குமுதமும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தாள். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு எஸ்தர் என்ன நினைத்தாளோ, ஹெட்போனை அண்டாவிலிருந்து எடுத்துக் குமுதத்தின் கூந்தலை ஒதுக்கிக் காதில் மாட்டிவிட்டாள்.

குமுதத்தின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

ஜூன் 10, சனி

அரை நாள் ஆபீஸ். எங்கள் கம்பெனிச் சரக்குக் கப்பல் ஒன்று தாமதம், அதனால் ரசீது வேலையும் தாமதம். வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மாடியில் இருந்தாள்.

ஜூன் 11, ஞாயிறு

மாடிவீட்டுக்காரர்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியதும், பத்து மணிக்கு ரேடியோவில் கிராமபோன் தட்டுகள் வைக்கிறார்களாம். அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு மேலே போய்விட்டாள். இறக்கியது நான்.

ஜூன் 18, ஞாயிறு

போன ஐப்பசியில் குமுதத்துக்கு டைபாய்டு வந்தது. பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கியதிலிருந்து அவள் பழைய குமுதம் இல்லை. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தேன்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை. பால் பொங்கி வழிகிறது, முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குகிறாள். நேற்று, குடை எங்கே என்று கேட்டேன்; ரசம் சூடாகத்தான் இருக்கிறது என்றாள். நான் பேசினால் என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயையே வெறிக்கிறாள். சாவிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு ஒரு திமிர் வருமோ என்னவோ.

நேற்று மாலை என் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். வழக்கம்போல எங்கள் ஆபீஸ் கஜாஞ்சி கோவிந்தராஜுலு மாதிரி நடித்துக் காட்டச் சொன்னார்கள். அவருக்குக் காது மந்தம். நாம் ஒன்று கேட்டால் அவர் கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு வேறொன்று சொல்வார். நான் அதை அப்படியே செய்வேன். தம்பி மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குமுதம் மட்டும் எழுந்து உள்ளே போனாள். என் வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். அவள் சிரிப்பெல்லாம் மாடியில்.

ஜூன் 25, ஞாயிறு

மழை. மரத்துக் கம்பி அறுந்து தொங்கியது. இன்று ரேடியோ இல்லை. எனக்கு நல்ல தூக்கம்.

ஜூலை 2, ஞாயிறு

கம்பியைத் திரும்பக் கட்டிவிட்டான்.

துணி துவைக்கும்போது குமுதம் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் நன்றாகப் பாடுவாள். காய்ச்சலுக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறாள். என்ன பாட்டு அது என்று கிணற்றடியிலிருந்தே கேட்டேன். பதில் இல்லை. சொல்ல இஷ்டமில்லை போலும்.

ஜூலை 8, சனி

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆபீஸிலிருந்து வந்து படியடியில் நின்று கூப்பிட்டேன். வரவில்லை. மேலே போனேன். எஸ்தர் ஒரு மூலையில் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். குமுதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஞானமுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் கம்பியை மெல்ல மெல்ல நகர்த்தினான். அவன் கண் பெட்டியில் இல்லை. அவள் முகத்தில் இருந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அவன் நிறுத்தினான். அவள் தலையசைத்தாள். அவன் சிரித்தான். ஒரு பேச்சில்லை.

என்னோடு அவள் இருக்கும்போது எத்தனை பேச்சு வேண்டியிருக்கிறது. ஒன்றை நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. இவனோடு ஒரு விரல் போதும்.

எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டு, குமுதத்தின் தோளைத் தொட்டாள். குமுதம் திரும்பினாள். அந்த முகம் அணைந்தது. நான் காப்பி வேண்டும் என்று சொன்னேன்.

ஜூலை 9, ஞாயிறு

இனி மாடிக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நாலு குடித்தனம் இருக்கிற இடம், கல்யாணமாகாத ஆண்பிள்ளை இருக்கிற வீடு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். நான் முடிக்கும்வரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனி, ஞாயிறு மட்டுந்தானே போறேன்."

அதைத்தான் வேண்டாம் என்கிறேன் என்றேன்.

"அது ஒண்ணுதாங்க எனக்கு இருக்குது" என்றாள்.

அது ஒன்றுதானாம். அப்படியானால் நான் யார், இந்த வீடு என்ன என்று கேட்டேன். அதற்குள் அவள் அரிசி களையத் திரும்பிவிட்டாள்.

ஜூலை 16, ஞாயிறு

போகவில்லை. பத்து மணிக்குச் சமையலறைக்கு வெளியே போய்க் குழாயடியில் நின்றாள். தண்ணீர் பிடிக்கவில்லை. குழாயில் சுற்றியிருக்கும் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கம்பியின் மறுமுனை அவன் மடியில் இருக்கிறது.

அவள் உள்ளே வந்ததும் நான் போய்க் கம்பியை அவிழ்த்து எறிந்தேன். குடம் வைக்க இடைஞ்சல். கொஞ்ச நேரத்தில் ஞானமுத்து இறங்கி வந்தான். என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் திரும்பச் சுற்றிவிட்டு மேலே போனான். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

ஜூலை 22, சனி

சபாபதி முதலியாரைப் பார்த்தேன். குடும்பங்கள் இருக்கும் வீட்டில் கல்யாணமாகாதவனுக்கு இடம் கொடுப்பது சரியா என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஜூலை 29, சனி

அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். பெரம்பூரில் வீடு பார்த்திருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 5, சனி

போய்விட்டார்கள். ஒற்றை மாட்டு வண்டி போதுமாக இருந்தது. எஸ்தர் குமுதத்தைக் கட்டிக்கொண்டு அவள் காதருகே ஏதோ சொன்னாள். குமுதம் அழுதாள். ஞானமுத்து தென்னைமரத்துக் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"வாரேன் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் சொல்லணும்."

எஸ்தர் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் சொல்லாமலே போனான். என்ன சொல்ல வந்தான் என்று நினைத்து நினைத்து இன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

குமுதம் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். சமைக்கிறாள், பெருக்குகிறாள், கேட்டதற்கு ஏதாவது பதில் சொல்கிறாள். பத்து மணியானதும் கை வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோதான் வேண்டுமென்றால் அதை நானும் காட்ட முடியும். கடற்கரையில் நகரசபைக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். சுருட்டுப் பெட்டியில்லை, ஊருக்கே கேட்கிற பெரிய கொம்பு. அடுத்த ஞாயிறு கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்ன பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அவள் நீலப்புடவை கட்டிக்கொண்டாள். டிராமில் போனோம். மெரீனாவில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே மணலில் இடம் பிடித்தேன். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பெண்பிள்ளையின் கச்சேரி, வயலின், மிருதங்கம் எல்லாம் சேர்ந்து கணீரென்று கேட்டது. சுற்றிலும் தலைகள் ஆடின. எனக்குப் பெருமையாக இருந்தது. மாடிவீட்டுக்காரன் இதைப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

குமுதம் என் பக்கம் திரும்பினாள்.

"எப்பங்க ஆரம்பிப்பாங்க?" என்றாள்.

நான் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டுவது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவளும் தலையாட்ட ஆரம்பித்தாள். தாளம் தப்பித் தப்பி.

கச்சேரி முடிந்து மற்றவர்கள் எழுந்ததைப் பார்த்து அவளும் எழுந்தாள். "நல்லாப் பாடினாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆபீஸுக்குப் போகவில்லை. தலைவலி என்று ஆள் அனுப்பினேன்.

காலையில் அவள் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். குமுதம் கல்லைப் பொறுக்கினாள்.

பிறகு, இத்தனை நாள் அவள் முகத்துக்கு நேராகக் கேட்கத் துணியாததை அவள் முதுகைப் பார்த்துக் கேட்டேன். அவன் மேல் உனக்குப் பிரியமா என்று கேட்டேன். சாதாரணக் குரலில்தான் கேட்டேன். அவள் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முற்றத்தில் போட்டாள்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். அது திமிர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நாளாக, என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சுங்க. மொதல்ல குருவிச் சத்தம். அப்புறம் பால் பொங்கற சத்தம். அப்புறம் நீங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கையைக் குவித்துக் காதோரம் வைத்துக் காட்டினாள். எங்கள் கஜாஞ்சி வைப்பதுபோல, இல்லை, நான் வைத்துக் காட்டுவதுபோல.

"எல்லாரும் சிரிப்பாங்க. நானும் அங்கதானே உக்காந்திருப்பேன்."

இதற்கு மேல் அவள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். காதில் ஒட்டிவைத்தால் மட்டும் கொஞ்சம் கேட்கிறது. முதல் நாள் அண்டாவில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தர் அதை அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். ஹெட்போனை மாட்டியதும் நாதஸ்வரம் கேட்டதாம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. என்னிடம் சொல்லிவிடுகிறோம் என்று அக்காளும் தம்பியும் கேட்டார்களாம். இவள்தான் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். சொன்னால் நான் அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயம்.

எஸ்தர் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்தாள். நான் கூடவே இருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதுவதுதான் நியாயம். ஆனால் முதலில் வந்தது வெட்கமில்லை. அவர்களுக்கு எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் 26, சனி

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். முள்கரண்டி மாதிரி ஓர் இரும்பைத் தட்டித் தட்டி அவள் காதருகே வைத்துப் பார்த்தார். காய்ச்சலில் நரம்பு கெட்டுவிட்டது, மருந்தில்லை என்றார். இருப்பது அப்படியே நிற்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, குறைந்துகொண்டும் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று குமுதம் கேட்டாள். நான் பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அப்ப இப்பவே கேட்டுக்கணும்" என்றாள், கடைக்குப் போகிறதைப் பற்றிப் பேசுவதுபோல.

செப்டம்பர் 3, ஞாயிறு

பெரம்பூர் போனேன். தனியாக. டிராமில் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஞானமுத்து கதவைத் திறந்ததும் ஒன்றும் வரவில்லை. "குமுதத்துக்கு ரேடியோ வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவந்தான் அண்ணாச்சி. மொதலியாரு எங்கக்காவ நிக்கவச்சு என்னென்ன கேட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. அதுக்காக அவங்க கேக்காம இருக்கணுமா?"

முதலியார் என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. என்னால் ஊகிக்க முடிந்தது. எஸ்தர் உள்ளேயிருந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்று சொல்லவில்லை. குமுதத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கத்தக்கூடாதாம். காதோடு வாயை வைத்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போதுமாம்.

ஞானமுத்து எனக்கு ஒரு பெட்டி செய்து தருவதாக ஒப்புக்கொண்டான். அதற்கு மூன்று ஞாயிறு ஆகும். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவன், அதை மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டான். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

எஸ்தர் சொன்னபடி குமுதத்தின் காதோடு வாயை வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். கூசுகிறதாம். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தரம் என்றாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பெட்டி நேற்று வந்தது. எஸ்தர் கொண்டுவந்து கொடுத்தாள், ஞானமுத்து வரவில்லை. குமுதம் அவளைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. இனி மாதம் ஒரு ஞாயிறு பெரம்பூர் போகப்போவதாகக் குமுதம் என்னிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன். சொல்ல எளிதாக இல்லை.

இன்று காலை மரமேறியைக் கூப்பிட்டுக் கம்பி கட்டினோம். தண்ணீர்க் குழாயில் நானே சுற்றினேன். பத்து மணிக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் கம்பியை நகர்த்தினேன். குமுதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். விரல் எழவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எழவில்லை. அவன் கைக்குத்தான் இது வசப்படுமோ என்று நினைத்தேன்.

குமுதம் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். இரண்டு விரலால் கம்பியைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்தாள். முகம் மலர்ந்தது.

என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டும்போல இருந்தது என் முகத்தில் தெரிந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். இத்தனை மாதத்தில் நான் அதைக் காதில் வைத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெகுதூரத்தில், மூடிய அறைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஓர் ஆண்குரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். யாரோ ஒரு சுகாதார அதிகாரி கொசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒரு முறை கழுவிக் கவிழ்க்க வேண்டும், சாக்கடையில் மண்ணெண்ணெய் தெளிக்க வேண்டும் என்று எழுதிவைத்ததை வாசித்தார். நடுவில் இருமினார். மறுபடி தொட்டியிலிருந்து ஆரம்பித்தார்.

குமுதம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குது, இல்ல?" என்றாள்.

தலையாட்டினேன். ஹெட்போனைக் கழற்றி, அவள் கூந்தலை ஒதுக்கி, திரும்ப மாட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மறுபடி மலர்ந்தது. சாக்கடையில் மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்லும் மனிதருக்காக அவள் உதட்டில் அந்தச் சிரிப்பு இருந்தது. கொசுப் பேச்சு முடியும்வரை எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் சீக்கிரம் முடித்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.